வெள்ளத்தில் யாரை விட்டீர்கள், மாஸ்டர்?

என் அருமை அருளப்பன் மாஸ்டருக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இந்தப் பாய் அழுது வடிக்கப் போகிறான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த அழுகையெல்லாம் உங்களைக் குழியில் இறக்கிய அன்றே அழுதாகிவிட்டது. இப்போது எழுதுவது வேறு காரணத்துக்காக. எனக்கு உங்கள் மேல் ஒரு சந்தேகம்.

எனக்குச் சந்தேகம் வருவது உங்களுக்குப் புதிதில்லை. தர்மபுரி கடைவீதியில் இத்தனை வருஷமாகப் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன் நான். வந்து இறங்கும் கண்ணாடி ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேரே பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே வைப்பேன். அந்தப் பழக்கம் மனிதர்களைப் பார்ப்பதிலும் ஒட்டிக்கொண்டது. "எங்கூட்டுக்காரரு பால்ல தண்ணி இருக்குதான்னு பாக்கற ஆளில்லைங்க, தண்ணில கொஞ்சமாவது பால் இருக்குதான்னு பாக்கறவரு" என்று என் மனைவி சொன்னபோது, நீங்கள் டீ புரையேறச் சிரித்தீர்கள்.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மாங்காய் இந்த வருஷம் பூவோடு நின்றுவிட்டது. பென்னாகரத்தில் உங்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அந்தப் பீரியடில் கணக்கு நடத்துகிறார்களாம். உங்கள் மகள் பெங்களூரிலிருந்து வந்து வந்து அம்மாவைக் கூப்பிடுகிறாள். ஜெயசீலி தங்கச்சி நகர்வேனா என்கிறது. "அவரு இருந்த வூட்ட பூட்டிட்டு நான் எங்கண்ணா போறது" என்று என்னிடம் கேட்டது. 

உங்கள் படத்துக்கும் நான்தான் சட்டம் போட்டேன். பெரிது பண்ணக் கொடுத்த சின்னப் போட்டோவைத் தங்கச்சி திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அதுவும் அந்த டப்பாவுக்குள் போய்விட்டது.

இந்தக் கடிதம் தப்பித்தவறி வேறு யார் கையிலாவது கிடைத்தால், அவர்களுக்கு அந்த டப்பா என்னவென்று தெரியாது. வீட்டில் ஒருவர் இறந்துபோனால், காரியத்துக்குள் படம் வேண்டும் என்று அரூர், கம்பைநல்லூர் பக்கத்திலிருந்தெல்லாம் என்னிடம் ஓடி வருவார்கள். கையில் ரேஷன் அட்டையிலிருந்து பிய்த்த போட்டோ இருக்கும், இல்லையென்றால் கல்யாணக் கூட்டத்தில் ஓரமாக நின்ற ஒரு தலை. அதைப் பெரிது பண்ணி, சட்டம் போட்டுக் கொடுப்பேன். பெரிய படம் கைக்கு வந்ததும் சின்னதை மறந்துவிட்டுப் போவார்கள். செத்தவர் முகத்தைக் குப்பையில் போடக் கை வருமா? ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். மாலையில் பள்ளி விட்டு பஸ் பிடித்துக் கடைக்கு வந்தால், நீங்கள் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பென்சிலில் கிறுக்கிக்கொண்டிருப்பீர்கள். கை பழகுகிறார் என்று விட்டுவிட்டேன். இவ்வளவு சந்தேகம் பிடித்தவனுக்கு, சந்தேகப்பட வேண்டிய அந்த ஒரு இடத்தில் மட்டும் சந்தேகம் வரவில்லை பாருங்கள்.

எனக்குச் சந்தேகம் எல்லாம் உங்கள் வெள்ளைக்காரர்கள் மேல்தான் இருந்தது.

மெட்ராஸில் ஓவியம் படித்த நாளில் நூலகத்தில் ஒரு தடித்த வண்ணப் புத்தகம் பார்த்தேன் என்பீர்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஓவியர்கள் வரைந்த படங்களாம். அந்த மனிதர்களுக்கு உலகம் அழிவதில் அப்படி ஒரு பிரியம். நோவா காலத்து வெள்ளம், சோதோம் மேல் கொட்டுகிற நெருப்பு, சரிந்து விழுகிற பாபிலோன், எரிமலைச் சாம்பலில் புதைகிற ஊர். வானம் கிழிந்து தொங்கும். மலை தலைகீழாகக் கவிழும். நடுவில் ஒரு மின்னல். மனிதர்கள் மட்டும் கீழே ஒரு மூலையில், சர்க்கரை சிந்திய இடத்தில் எறும்பு மொய்க்கிற மாதிரி. அந்தப் படங்களையெல்லாம் நீங்கள் கலர் பிரிண்ட் எடுத்து வந்து தர, நான் சட்டம் போட, உங்கள் வீட்டுச் சுவர் முழுக்க உலகம் அழிந்துகொண்டே இருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் தங்கச்சி கீரை ஆய்ந்தது.

எனக்கு அந்தப் படங்களைப் பிடிக்கவில்லை. சாகிற இடத்தில் இவ்வளவு நல்ல வெளிச்சம் எப்படி வந்தது? அதைவிடப் பெரிய சந்தேகம், இதையெல்லாம் பார்த்து வரைகிற ஆள் எங்கே நிற்கிறான்?

"எல்லாரும் முழுகறாங்க. இவரு மட்டும் மேடா ஒரு எடம் பாத்து நின்னுகினு படம் போடறாரு. அந்த மேட்டுல நாலு பேரை ஏத்தியிருக்கலாமில்லைங்க மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"அது கற்பனைங்க பாய்."

"கற்பனைலயும் தனக்கு மட்டும் நனையாத எடமா புடிச்சு வெச்சிருக்காரு பாருங்க."

நீங்கள் சிரித்தீர்கள். லண்டனில் சனங்கள் டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று இந்த மாதிரிப் படங்களைப் பார்த்தார்கள் என்று சொன்னீர்கள். "எக்ஸிபிஷன்ல மரணக் கிணறு பாக்கற மாதிரியா?" என்று கேட்டேன். "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று ஒத்துக்கொண்டீர்கள். பிறகு முகத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டு, "இருந்தாலும் பாய், அவ்ளோ பெருசா ஒன்னு முன்னாடி நின்னாத்தான் மனுசனுக்குத் தன் அளவு தெரியும்" என்றீர்கள். என் அளவு தெரிய உலகம் அழிய வேண்டியதில்லை, தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றாலே தெரிந்துவிடும் என்று நான் சொன்னேன். அன்றைக்கு அதோடு விட்டோம்.

ஒகேனக்கல்லில் தண்ணீர் நிறைய வந்து, குளிக்கவும் பரிசல் விடவும் தடை போட்டிருந்த ஒரு நாள் நாம் இரண்டு பேரும் போனோம். "நெஜ வெள்ளம் எப்படி இருக்குதுன்னு வந்து பாருங்க" என்று நான்தான் இழுத்துப் போனேன். செம்மண் நிறத்தில் தண்ணீர். மின்னலும் இல்லை, கிழிந்த வானமும் இல்லை. சத்தமும் சேற்று வாடையும்தான். நாம் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது. நீங்களோ வெள்ளத்தைப் பார்க்கவே இல்லை. கரையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த பரிசல்களையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். தார் பூசிய கறுப்பு முதுகுகள். ஒன்றைத் தட்டிக்கூடப் பார்த்தீர்கள். வெள்ளம் பார்க்க வந்த மனிதருக்குப் பரிசலில் என்ன வேலை என்று எனக்கு உறுத்தியது. கேட்கவில்லை.

அதன் பிறகுதான் அந்தக் கடைசிப் படத்தை ஆரம்பித்தீர்கள். முதல் தடவை நெஞ்சுவலி வந்து பிழைத்ததும், உங்கள் ஊர் வேதக் கோயிலுக்கு ஒரு படம் தருவதாக நேர்ந்துகொண்டீர்களாமே. முழு பிளைவுட் பலகையில் நோவா காலத்து வெள்ளம். வரைந்து முடித்தீர்கள். சட்டம் போட என்னிடம் அனுப்புவதற்குள் இரண்டாவது வலி வந்துவிட்டது. பலகை ஒரு வருஷம் உங்கள் வீட்டுப் பின்னறையில் பழைய வேட்டி போர்த்திக்கொண்டு நின்றது.

உங்கள் நினைவுக்கான ஆண்டுத் திருப்பலி நெருங்கியபோது, தங்கச்சி அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தி வைத்தது. சட்டம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம், முதலில் சனங்கள் பார்க்கட்டும் என்று. பார்த்தார்கள் மாஸ்டர். பார்த்ததோடு விட்டார்களா? செல்போனில் படம் பிடித்து, விரலால் இழுத்து இழுத்துப் பெரிசாக்கினார்கள். புளியங்கொட்டை அளவு முகங்கள். ஒரு முகத்தைப் பார்த்து ஒருவன், "டேய், இது நம்ம தபால்கார அய்யாடா" என்றானாம். அவர் செத்து நாலைந்து வருஷம் ஆகிறது.

அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? டைலர், டீக்கடைக்காரர், உழவர் சந்தையில் கீரை விற்ற அம்மா என்று ஒவ்வொரு முகமாக வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். எல்லாம் செத்தவர்கள். எல்லாம் வெள்ளத்துக்கு நடுவில். அதில் பாதிப் பேர் கிறிஸ்தவ வேதக்காரர்கள் இல்லை. "நம்ம சனத்தை எல்லாம் பாவிங்கன்னு முழுகடிச்சு வெச்சுட்டுப் போயிட்டாரு வாத்தியாரு" என்று பேச்சு கிளம்பியது. வழக்கமாகப் பால் ஊற்றுகிற பெண் தங்கச்சி வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டில் சாவு காரியம், தங்கச்சிக்குச் சொல்லவில்லை. தங்கச்சி வெளியே வந்தால் குழாயடியில் பேச்சு நின்றுவிடுகிறதாம். தனியாக இருக்கிற பெண்பிள்ளை. ஊரோடு பகைத்துக்கொண்டு அந்த வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்?

என் கடைக்கு முதலில் வந்தது தனலட்சுமி. பென்னாகரம் பக்கம் காடு கழனி உள்ள குடும்பம். அவள் அப்பாவுக்குச் சட்டை போட்ட போட்டோவே கிடையாது. தலைப்பாக் கட்டும் மேல்துண்டுமாகத்தான் ஒரே ஒரு படம். ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டரில் சட்டை மாட்டிவிடுகிறேன் என்றதற்கு, "எங்கப்பன் போடாத சட்டையச் செத்தப்பறம் எதுக்குப் போடறீங்க" என்று சண்டை பிடித்தவள். அந்தத் தலைப்பாக் கட்டை இப்போது போனில் நீட்டினாள்.

"இது உங்க கடைல குடுத்த போட்டோதானுங்க பாய்?"

பார்த்தேன். இடது காது மறைகிற அந்தக் கட்டு, வேறு யாருக்கும் கிடையாது.

"ஆமாம்மா."

"எங்கப்பன் என்ன பாவம் பண்ணாருன்னு தண்ணில முக்கி வெச்சிருக்கீங்க?"

 டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டே போனேன். அவள் போனில் இருந்த முகம் ஒவ்வொன்றும் டப்பாவில் இருந்தது. என் வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரையும் வெள்ளத்தில் விட்டிருக்கிறீர்கள். அந்த நிமிஷம் உங்கள் மேல் எனக்கு வந்த சந்தேகத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். இத்தனை வருஷம் என் கடையில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டு, மனசுக்குள் எங்களை எல்லாம் கரையேறாத கூட்டம் என்று கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தீர்களா? சிரித்ததெல்லாம் மேல்பூச்சா?

மறுநாள் தனலட்சுமியும் நானும் பென்னாகரம் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். கோயிலில் தங்கச்சியும் ஃபாதரும் இருந்தார்கள். தங்கச்சி என்னைப் பார்த்து "வாங்கண்ணா" என்றதோடு சரி. தனலட்சுமியின் கண்ணை அது பார்க்கவில்லை.

படத்தை நான் முழுசாகப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. வானம் வழக்கம்போலக் கிழிந்திருந்தது. தூரத்தில் தீப்பெட்டி அளவில் நோவாவின் பேழை. மீதியெல்லாம் தண்ணீர். ஆனால் லண்டன் தண்ணீர் இல்லை. ஒகேனக்கல் செம்மண் தண்ணீர். அதில் கறுப்பு கறுப்பாகத் திட்டுகள், திட்டுகளில் முகங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கீழே வந்தேன். அடி ஓரத்தில், மற்ற முகங்களை விடப் பெரிதாக, நெஞ்சு மட்டத்துக்குத் தண்ணீரில், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்னைப் பெற்ற அத்தா.

மாஸ்டர், என் அத்தாவுக்கு நான் படம் மாட்டவில்லை. எங்கள் வீட்டில் படம் மாட்டுகிற வழக்கம் இல்லை. ஊருக்கெல்லாம் அப்பன் படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிற எனக்கு, என் அப்பன் முகம் அந்த டப்பாவில் ஒரு பாஸ்போர்ட் போட்டோவாகத்தான் இருந்தது. அதைத்தான் எடுத்தீர்களா? தண்ணீர் என்றால் அவருக்கு எவ்வளவு பயம் என்று உங்களுக்குத் தெரியும். ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப் போனால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையிலேயே நிற்பார். "நீங்க போயிட்டு வாங்க, நான் மீன் வறுத்துட்டு இருக்கேன்" என்பார். அந்த மனிதரைக் கொண்டுபோய் வெள்ளத்தில் விட உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

 அப்போது தனலட்சுமி படத்துக்குப் பக்கத்தில் போய், அவள் அப்பாவின் தலைப்பாக் கட்டுக்கு நேரே மூக்கு உரசுகிற மாதிரி நின்றாள்.  பிறகு திரும்பினாள்.

"பாய், இவங்க முழுகலீங்க."

"என்னம்மா சொல்ற?"

"முழுகறவன் மேலதான பாப்பான்? இவங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகினு வட்டமா உக்காந்திருக்காங்க. முட்டிய மடக்கிகினு. எங்கப்பன் கை பாருங்க, எதையோ புடிச்சுகினு இருக்குது." அவள் விரல் அந்தக் கறுப்புத் திட்டின் விளிம்பிலேயே சுற்றி வந்தது. "இது பரிசலுங்க."

ஃபாதர் ஜன்னலைத் திறந்துவிட்டார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. நிழல் விழுந்த தண்ணீரில் கறுப்புத் தார். அந்தத் திட்டெல்லாம் பாறையும் இல்லை, சுழலும் இல்லை. அத்தனையும் பரிசல். போனில் முகத்தை மட்டும் வெட்டி வெட்டிப் பார்த்த ஊருக்கு, அந்த முகம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது. தனலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தங்கச்சி போய் அவள் தோளைத் தொட்டது. அவள் தள்ளிவிடவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஃபாதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்ப இதை நான் கோயிலுக்குள்ள மாட்ட முடியாதுங்களே" என்றார். நல்ல மனிதர்தான். கஷ்டப்பட்டுத்தான் சொன்னார். "பேழைக்குள்ள போன எட்டுப் பேர்தான் பிழைச்சாங்கன்னு வேதத்துல இருக்குது. வெளிய இத்தனை பேர் பரிசல்ல தப்பிச்சாங்கன்னு வரைஞ்சு வெச்சா, மறைக்கல்வி வகுப்புக்கு வர்ற பசங்க கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

பார்த்தீர்களா நீங்கள் வைத்துவிட்டுப் போன வினையை? முழுகுகிறார்கள் என்றால் ஊருக்கு ஆகாது. முழுகவில்லை என்றால் கோயிலுக்கு ஆகாது. நான் குறுக்கே பேசினால், துலுக்கனுக்கு எங்கள் கோயிலில் என்ன வேலை என்று யாராவது ஒருவன் கேட்பான். அதனால் வாயைத் திறக்காமல் நின்றேன்.

ஆனால் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஒருநாள் கடையில் உங்களிடம் எங்கள் மார்க்கத்து நோவா கதையைச் சொன்னேன். நூஹ் நபியின் மகன் ஒருவன் கப்பலில் ஏற மாட்டேன் என்று மலையைப் பார்த்துப் போனான், அப்பா கூப்பிடக் கூப்பிடவே நடுவில் அலை வந்து விழுந்தது என்று. நீங்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அவ்ளோ பெரிய கப்பல் கட்டினவரு, போய்க் கூட்டிகினு வர ஒரு பரிசல் கட்டி வெச்சிருக்கக் கூடாதாங்க பாய்?" என்று கேட்டீர்கள். "அல்லா வேலைல கை வெக்காதீங்க மாஸ்டர்" என்று அதட்டினேன். கை வைத்துவிட்டீர்கள்.

தங்கச்சிதான் பேசியது. உங்கள் பின்னால் நின்று ஃபாதருக்குக் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிற தங்கச்சி.

"ஃபாதர், பரிசல் கரை சேந்துச்சுன்னு அவரு எங்கயும் வரையலீங்களே."

ஃபாதர் திரும்பிப் பார்த்தார்.

"கரையே வரையலீங்க. நானும் ஒரு வருசமா வேட்டிய வெலக்கி வெலக்கிப் பாத்துட்டேன். அவங்கள அவரு காப்பாத்தலீங்க ஃபாதர். தனியா விடல, அவ்ளோதான்."

 ஃபாதர் இன்னொரு தடவை குனிந்து படத்தைப் பார்த்துவிட்டு, கோயிலுக்குள் வேண்டாம், பக்கத்துக் கூடத்தில் மாட்டுவோம், எல்லாச் சனமும் வந்து போகிற இடம்தானே என்றார். அவர் சொன்னதை நான் முழுசாக நம்பவில்லை. கூடத்தில் மாட்டுகிற படம் வெள்ளையடிக்கிற சாக்கில் எப்போது வேண்டுமானாலும் பின்னால் போய்விடும். அதனால், "சட்டம் நான் போடறேன், மாட்டறதும் நான்தான் மாட்டுவேன்" என்று சொல்லிப் பலகையை ஒரு வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். சுவருக்குள் இரும்புக் கொக்கி இறக்கித் திருகாணி போட்டு முடுக்கினால், எடுக்க நினைக்கிறவன் சுவரோடுதான் எடுக்க வேண்டும்.

தனலட்சுமி ஊரில் போய்ச் சொல்லிவிட்டாள். அவள் சண்டைக்காரி, அவள் சொன்னால் எடுபடும். போனவாரம் பால்காரப் பெண் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து மணி அடித்தாளாம். தபால்காரர் வீட்டு ஆட்கள் மட்டும் இன்னும் நம்பவில்லை. நம்பாதவர்களை நான் குறை சொல்ல முடியுமா? எனக்கே நம்பிக்கை வரவில்லை. எல்லோரையும் பரிசலில் ஏற்றினீர்கள். வட்டமாக உட்கார வைத்தீர்கள். என் அத்தாவை மட்டும் ஏன் அடி ஓரத்தில் தனியாக, நெஞ்சளவு தண்ணீரில் விட்டீர்கள்? அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே வெளியே, பார்க்கிற ஆளைத்தான் பார்க்கிறார். தனலட்சுமி சொன்ன கணக்கில் அவர் சேரவில்லை. அவளிடமும் கேட்கவில்லை, தங்கச்சியிடமும் கேட்கவில்லை. கேட்டுப் பதில் வேறு மாதிரி வந்துவிட்டால் என்ன செய்வது?

நேற்று பலகையை மேசையில் கிடத்தி அளவு எடுத்தேன். பிளைவுட் ஓரம் உதிராமல் இருக்க நீங்கள் சுற்றிலும் பிரவுன் டேப் ஒட்டியிருந்தீர்கள். என் கடை டேப்தான். சட்டம் போட்டால் எப்படியும் அந்த ஓரம் உள்ளே மறைந்துவிடும். டேப்போடு விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, எதை மறைக்கிறோம் என்று பார்க்காமல் எதற்கு மறைக்க வேண்டும் என்று என் புத்தி கேட்டது. ஈரத்துணியால் ஊறவைத்து அடி ஓரத்து டேப்பை மெல்ல உரித்தேன்.

அத்தாவுக்குக் கீழே கறுப்பாக ஒரு வளைவு வந்தது. பரிசல் விளிம்பு. அவருடைய இரண்டு கையும் அதை எலும்பு தெரிய இறுக்கிப் பிடித்திருந்தன. அவர் அப்படித்தான் பிடிப்பார். அந்த வளைவு இரண்டு பக்கமும் இறங்கிப் பலகையின் ஓரத்தில் முடிந்துபோகிறது. பாதிப் பரிசல்தான் படத்துக்குள் இருக்கிறது. மீதிப் பாதி வெளியே, பார்க்கிற ஆள் நிற்கிற இடத்தில். விளிம்பின் மேல் ஒரு துடுப்பு, பிடி நம் பக்கம்.

படத்தைப் பிடித்து நிமிர்த்தி வைத்தேன். அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அலைகள் எல்லாம் நம் தலைக்கு மேலே இருக்கின்றன. இது மேட்டில் நின்று வரைந்த படம் இல்லை. வரைந்த ஆள் எங்கே நிற்கிறான் என்று கேட்டுக் கேட்டு உங்களை எத்தனை வருஷம் குடைந்தேன். அவன் நிற்கவே இல்லை. என் அத்தாவுக்கு எதிரே, அதே பரிசலில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருக்கிறான். கடையில் ஆட்கள் இருந்தார்கள். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன் மாஸ்டர். குழியோரம் அழுது முடித்துவிட்டேன் என்று மேலே எழுதியதை அடிக்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

அகலமான பீடிங் சட்டம்தான் அந்தப் பலகைக்கு எடுப்பாக இருக்கும். போட மாட்டேன். பரிசல் விளிம்பில் ஒரு நூல்கூட மறையாதபடி மெல்லிய சட்டமாகப் பார்த்துப் போடுகிறேன். பின்பக்கம் ஹார்ட்போர்டு அடிப்பதற்கு முன்னால், டப்பாவில் இருக்கிற உங்கள் சின்னப் போட்டோவை எடுத்து, படத்தின் அடி ஓரத்துக்குப் பின்னால், அத்தாவுக்கு நேரே ஒட்டிவிடுவேன். ஃபாதருக்குத் தெரியாது. எட்டுப் பேர் கணக்கும் முன்பக்கத்தில் கெடாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நானும் என் மனைவியும் தங்கச்சி வீட்டுக்குப் போகிறோம், இனியும் போவோம். அந்த வீட்டைப் பூட்ட வேண்டி வராது. இது என் வாக்கு.

அத்தா பயப்படுவார். கையை விளிம்பிலிருந்து எடுக்க மாட்டார். துடுப்பை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். போகிற வழியில் அவரிடம் என்னைப் பற்றி என்னவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறீர்களோ, அந்தச் சந்தேகம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஜெயசீலிக்கு அண்ணன், அந்த முறையில் உங்களுக்கு மச்சான்,
சாதிக்